கனடாவில் மகன், காரைக்குடியில் பெற்றோர்: எந்த விசா எடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பாயசம் வருவதற்குள் யாராவது விசாப் பேச்சை எடுத்துவிடுகிறார்கள். மகன் டொராண்டோவில் இருக்கிறான், மருமகளுக்கு இது ஏழாவது மாதம் என்று ஓர் ஆச்சி சொன்னால் போதும். “சூப்பர் விசா போட்டுவிடுங்கள், ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை” என்பார் ஒருவர். “சாதாரண விசிட்டர் விசாவே பத்து வருஷத்துக்குத் தருகிறார்களே” என்பார் அடுத்தவர். “ஏன் இந்த வம்பெல்லாம்? பிள்ளைகளைப் பினாங்குக்கு வரச் சொல்லுங்கள், நாம் திருச்சியில் ஏறிவிடலாம், விசாவே வேண்டாம்” என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அந்த ஆச்சி எத்தனை மாதம் அங்கே இருக்க வேண்டும், மகன் அங்கே எந்த நிலையில் இருக்கிறான் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. விடை அந்த இரண்டில்தான் இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிற, ஊரில் வீடும் பொறுப்பும் உள்ள தம்பதிக்குச் சாதாரண விசிட்டர் விசாவே போதும். பெற்றோர், தாத்தா பாட்டிக்கென்று கனடா தரும் சூப்பர் விசா நல்ல ஏற்பாடுதான்; ஆனால் அது வேறு நிலைமையில் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. கையில் பணம் இருக்கிறதே என்று பெரியதாக எடுத்து வைத்துக்கொள்ள அது பாத்திரக் கடை அண்டா இல்லை.

விசாவில் இருக்கும் தேதியும் தங்கும் காலமும்

பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. விசாத் தாளில் அச்சிட்டிருக்கும் தேதி, அந்த நாட்டுக்குள் நுழையக் கடைசி நாள். நுழைந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பது தனிக் கணக்கு. கனடாவின் சாதாரண விசிட்டர் விசா அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குக் கிடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும், எல்லை அதிகாரி வேறு தேதி குறிக்காவிட்டால், ஆறு மாதம்தான் தங்கலாம். பத்து ஆண்டு என்பதும் இப்போது உறுதியில்லை. முன்பெல்லாம் நீண்ட காலம் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. 2024 நவம்பருக்குப் பிறகு, எவ்வளவு காலம், எத்தனை முறை என்பதை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிகாரியே பார்த்து முடிவு செய்கிறார். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி விசா எப்படியும் தரமாட்டார்கள். ஆகவே பாஸ்போர்ட்டில் இரண்டு ஆண்டுதான் மிச்சம் என்றால், விசாவுக்கு முன்னால் அதைப் புதுப்பித்துவிடுவது நல்லது.

சூப்பர் விசாவில் ஒரு தடவை நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை தொடர்ந்து தங்கலாம். 2022 ஜூலை 4க்கு முன் இது இரண்டு ஆண்டாக இருந்தது. பலமுறை போய்வரும் விசா, பத்து ஆண்டு வரை செல்லும். பந்தியில் பேசியவர் சொன்ன ஐந்தும் பத்தும் இவைதான்.

சூப்பர் விசா யாருக்கு?

விண்ணப்பக் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே: தலைக்கு 100 கனடிய டாலர். கைரேகைக்கும் படத்துக்கும் ஒருவருக்கு 85 டாலர், கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்தால் இருவருக்கும் சேர்த்து 170. கொடுத்த கைரேகை பத்து ஆண்டுக்குச் செல்லும். இதற்குச் சென்னையில் உள்ள விசா மையத்துக்கு ஒரு நடை. ஆக, கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்ய ஒன்றுமில்லை. செலவும் சிக்கலும் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதல் சிக்கல் மகனுடைய நிலை. சூப்பர் விசாவுக்கு அழைப்பவர் கனடாவின் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும். படிப்பு முடித்து வேலை அனுமதியில் இருக்கிற மகனால் முடியாது. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் முடியாது. நம் பக்கம் பல வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிட வேண்டும். ஆனாலும் மாதக்கணக்கில் சூப்பர் விசாவுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இரண்டாவது வருமானம். கனடா அரசு ஆண்டுதோறும் வெளியிடும் குறைந்தபட்ச வருமான அளவை அழைப்பவர் எட்ட வேண்டும். ஆட்களை எண்ணுவதில்தான் தவறு நேர்கிறது. மகன், மருமகள், ஒரு பேரப்பிள்ளை என்று மூன்று பேரோடு நிறுத்தக் கூடாது. போகப் போகிற அப்பச்சியும் ஆத்தாவும் சேர்ந்து ஐந்து பேர். ஐந்து பேருக்கான தொகையைக் காட்ட வேண்டும். மகனும் மருமகளும் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். குழந்தை பிறந்து மருமகள் விடுப்பில் இருக்கும் ஆண்டில், அதாவது பெற்றோர் மிகவும் தேவைப்படும் அதே ஆண்டில், இந்தக் கணக்கு இடிக்கக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காப்பீடு. இதைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். குறைந்தது 100,000 கனடிய டாலருக்கு, நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டுக்கு, சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, உடலை ஊருக்கு அனுப்பும் செலவு எல்லாம் அடங்கிய பாலிசி வேண்டும். கனடிய நிறுவனத்தில் எடுக்கலாம். 2025 ஜனவரி முதல், கனடாவின் கண்காணிப்பு அமைப்பு அங்கீகரித்த வெளிநாட்டு நிறுவனங்களிலும் எடுக்கலாம். விலைப் புள்ளி வாங்கி வைத்தால் ஏற்கமாட்டார்கள்; பணம் கட்டியிருக்க வேண்டும், அல்லது முன்பணம் செலுத்தித் தவணை தொடங்கியிருக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வயது ஏற ஏற பிரீமியம் ஏறுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் என்றால் இன்னும் ஏறுகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாலிசி பொறுப்பேற்க வேண்டுமானால், போவதற்கு முன் குறிப்பிட்ட மாதங்களுக்கு அது ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். நிலையாக என்றால் மாத்திரையின் அளவு மாறியிருக்கக் கூடாது, புது மாத்திரை சேர்ந்திருக்கக் கூடாது. பயணத்துக்கு முந்தைய மாதம் “ஊருக்குப் போகிறீர்களே, ஒரு மாத்திரை கூட்டித் தருகிறேன்” என்று டாக்டர் கனிவாக எழுதிக் கொடுப்பது, பின்னால் கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகிவிடலாம். மருத்துவ ஆலோசனையை மறுக்கச் சொல்லவில்லை. மாற்றம் வேண்டுமென்றால் அதை முன்னாலேயே செய்துகொண்டு, அதற்குத் தகுந்த பாலிசி எடுங்கள் என்கிறேன்.

சாதாரண விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் எடுக்காமல் போவது துணிச்சல் ஆகாது. கனடாவின் இலவச மருத்துவம் அங்கே வசிப்பவர்களுக்குத்தான், விருந்தாளிகளுக்கு இல்லை. ஆறு மாதத்துக்கு மட்டும் எடுப்பதால் செலவு குறையும், அவ்வளவே.

நான்காவது மருத்துவப் பரிசோதனை. சூப்பர் விசாவுக்கு கனடா அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். குடும்ப டாக்டரின் கடிதம் செல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சாதாரணப் பயணத்துக்கு இது பொதுவாக வேண்டியதில்லை.

இவ்வளவையும் தாண்டி சூப்பர் விசா எடுக்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன. ஒருவர் காலமாகி, மற்றவர் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார், பேரப்பிள்ளை பள்ளி சேரும்வரை ஆத்தா கூட இருந்தாக வேண்டும், இரட்டைக் குழந்தைகள். இவர்களுக்கு ஆறு மாதத்தில் திரும்பி வருவது பொருளற்றது.

மற்றவர்களுக்கு நம் ஊர் நாட்காட்டியே வழி சொல்லிவிடுகிறது. சித்திரை முடிந்து போனால் அங்கே பனி விட்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஐப்பசிக்குள் திரும்பினால், திருக்கார்த்திகை கழிந்து இருபத்தோராம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கு வீட்டில் இழை எடுத்துக்கொள்ளலாம்; தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்கள் கால்களைத் தயார் செய்துகொள்ளலாம். மழைக்காலத்தில் செட்டிநாட்டு வீட்டை ஆளில்லாமல் பூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர் இங்கில்லை: ஓடு நகர்கிறது, வளவில் தண்ணீர் இறங்குகிறது, தேக்குச் சட்டத்தில் கரையான் ஏறுகிறது. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று வேறு இருக்கிறது. ஆறு மாதம் என்பது நமக்குக் குறைவான காலமே இல்லை. அதற்கும் மேல் தேவைப்பட்டால், அனுமதிக் காலம் முடிவதற்குக் குறைந்தது முப்பது நாள் முன்பாக அங்கிருந்தே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அரண்மனை போன்ற வீடும் அதன் காகிதமும்

கனடா விசாவுக்கு நேர்காணல் பெரும்பாலும் கிடையாது. அதிகாரி உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். திரும்பி வருவீர்கள் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

இங்கே செட்டிநாட்டுக்கென்று ஒரு தொல்லை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக நிற்கிற வீடு, பாட்டையா பெயரில் இருக்கும். பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர். நமக்கு அதில் ஒரு பங்கு, வளவில் இரண்டு அறை. மதிப்பு கோடிக்கணக்கில் என்று மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி விண்ணப்பத்தில் முதல் தாளாக வைக்கிறார்கள். விற்கவும் முடியாத, தன் பெயரில் பட்டாவும் இல்லாத சொத்து, ஒருவர் திரும்பி வருவதற்குச் சான்றாக எவ்வளவு தூரம் நிற்கும்? அதைவிட, சொந்தப் பெயரில் உள்ள சிறிய வீட்டின் வரி ரசீது, மாதாமாதம் வந்து விழும் ஓய்வூதியம் அல்லது வாடகை தெரிகிற வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், நிரந்தர வைப்புகள், ஊரில் மற்றொரு பிள்ளையோ வயதான தாயோ இருப்பதற்கான ஆதாரம் ஆகியவை நன்றாகப் பேசும். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும் என்பதால், நாற்பது பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை மொழிபெயர்த்துப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு கணக்கில் திடீரென்று விழும் பெருந்தொகையும் அப்படித்தான். எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத பணம், இல்லாத பணத்தைவிட மோசம். நகையை விற்றிருந்தாலோ இடத்தை விற்றிருந்தாலோ ரசீதைக் கூடவே வையுங்கள்.

இன்னொன்று பெயர். மூன்று தலைமுறையை முன்னெழுத்தாகச் சுமக்கிற பெயர்கள் நம்முடையவை. மகன் பிறப்புச் சான்றில் தந்தை பெயர் முன்னெழுத்துகளோடு இருக்கும்; தந்தையின் பாஸ்போர்ட்டில் அதே பெயர் விரிந்து வேறு வரிசையில் நிற்கும். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்துவைப்பது சிறு வேலை, பெரிய உதவி. பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றில் பெற்ற தந்தையின் பெயர், பாஸ்போர்ட்டில் கூட்டிக்கொண்ட தந்தையின் பெயர் என்றிருந்தால், பதிவு செய்த தத்துப் பத்திரம் இல்லாமல் பெற்றோர் உறவை நிறுவுவது கடினம். சூப்பர் விசா முழுக்க முழுக்க அந்த உறவின் மேல் நிற்பது. சாதாரண விசாவில் அந்த அளவு நெருக்கடி இல்லை. விருந்தாளியாகப் போவதற்குப் பெற்றோராக இருந்தாக வேண்டும் என்று விதியில்லை. கல்யாணச் சான்று இல்லாத பழைய தம்பதிகள் இசைகுடிமானம் என்னும் கல்யாண ஒப்பந்த எழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டாம். ஒருவர் பாஸ்போர்ட்டில் மற்றவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மகன் அமெரிக்காவில் இருந்தால்

அங்கே சூப்பர் விசா என்று ஒன்று இல்லை. பி-2 என்னும் பார்வையாளர் விசாதான். கட்டணம் 185 டாலர். 2025இல் வந்த சட்டம் ஒன்று இதன் மேல் 250 டாலருக்கு இடம் வைத்திருப்பதால், கட்டும் நாளில் தூதரகத் தளத்தில் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு விசா; தங்கும் காலத்தை அங்கே இறங்கும்போது குறிப்பார்கள், வழக்கமாக ஆறு மாதம்.

பெரிய வேறுபாடு ஒன்று. கனடா காகிதத்தைப் பார்க்கிறது, அமெரிக்கா ஆளைப் பார்க்கிறது. வந்தவர் குடியேறத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது அந்நாட்டுச் சட்டம். இல்லை என்று நிறுவ வேண்டியது நீங்கள். அதற்குக் கிடைப்பது சில நிமிடம். மடியில் கட்டிக்கொண்டு போன பத்திரங்களை அதிகாரி பெரும்பாலும் கேட்பதேயில்லை. எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள், யார் செலவு, இங்கே என்ன செய்கிறீர்கள் என்பவற்றுக்குச் சுருக்கமான, உண்மையான விடை போதும். சென்னையில் தமிழிலேயே பேசலாம். தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களில் தடுமாறுவதைவிட அது எவ்வளவோ மேல். “பேரன் பிறந்திருக்கிறான், பார்க்கப் போகிறேன்” என்பது நல்ல விடை. “மருமகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையை நான்தான் வளர்க்க வேண்டும்” என்பது வேலைக்குப் போவது போல் காதில் விழலாம்.

கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று சென்னையில் இரண்டு வேலை. காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பல்லவன் எழும்பூர் சேர நண்பகல் ஆகிவிடும். காலை நேரம் குறித்திருந்தால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். எண்பது வயதானவர்களுக்கு நேர்காணல் வேண்டாம் என்றிருந்த சலுகை 2025 செப்டம்பரோடு போய்விட்டது.

பினாங்கில் சந்தித்தால்?

பந்தியின் மூன்றாமவர் சொன்னது விளையாட்டில்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் முப்பது நாள் இருக்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். நம் முன்னோர் கொண்டுவிற்கப் போன வழிதான். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலேயே அடங்கியிருந்ததால் ரங்கூனுக்குப் போனவர்களுக்கு அது வெளிநாடே இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்களின் பேரர்கள் இப்போது திருச்சியில் ஏறுகிறார்கள். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலும் இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் பயணம் இரட்டிப்பாகும்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகவோ, அங்குள்ள உறவினர் இணையத்தில் போட்டோ வாங்கலாம். நேர்காணல் போன்ற பாடு பொதுவாக இல்லை. டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தச் செலவு பெரிதில்லை.

எண்பதைத் தொட்டவர்களுக்கும், நெடும் விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னவர்களுக்கும், ஒரு பிள்ளை கனடாவிலும் இன்னொரு பிள்ளை ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற வீட்டுக்கும் இதுவே சிறந்தது என்பேன். ஆனால் இதில் பாரம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறுகிறது. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் மகன், பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், வெளியே வந்துவிட்டுத் திரும்ப நுழைய மறுபடியும் தூதரகம் போக வேண்டும். கனடாவில் வேலை அனுமதியில் இருக்கும் மகனுக்கும் திரும்பி நுழைய உயிருள்ள விசா வேண்டும். குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. டிக்கெட் போடுவதற்கு முன் இதை மகனிடம் கேளுங்கள். பெற்றோர் மனம் நோகும் என்று பல பிள்ளைகள் தாமாகச் சொல்வதில்லை. பிரசவத்துக்குத் துணை வேண்டும் என்கிற வீட்டுக்கு மலேசியா உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நிரப்புவது யார்?

கனடா விண்ணப்பத்தை மகனே இணையத்தில் நிரப்பிவிடலாம்; பெரும்பாலான வீடுகளில் அதுதான் சரி. பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்கிறவர், கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞராகவோ குடியேற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும், அவர் பெயரும் படிவத்தில் வர வேண்டும். “என் பெயரைப் போட வேண்டாம், நீங்களே போட்டதாக இருக்கட்டும்” என்று சொல்கிற ஏஜெண்ட் கடையிலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். இத்தகையவர்கள் செய்கிற பெரிய கேடு, பழைய மறுப்பை மறைப்பது. இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்ததா என்று கனடா கேட்கிறது. அமெரிக்கா மறுத்திருந்தால் ஆம் என்று எழுதி, ஆண்டையும் காரணத்தையும் சொல்லிவிட்டால் விண்ணப்பம் அதனால் மட்டும் விழுந்துவிடாது. இல்லை என்று எழுதி அகப்பட்டால் ஐந்து ஆண்டுத் தடை. அதைச் சுமப்பவர் ஏஜெண்ட் இல்லை.

கனடா மறுத்துவிட்டால் வருகிற கடிதம் பொதுவான வரிகளில் இருக்கலாம்; 2025 ஜூலை முதல் பல மறுப்புக் கடிதங்களோடு அதிகாரியின் குறிப்பும் வருகிறது. குறிப்பு வராவிட்டால் கடிதத்தை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டாம். கனடாவில் இருக்கும் மகன், பெற்றோரின் ஒப்புதலோடு தகவல் கோரும் சட்டத்தின்கீழ் 5 டாலர் கட்டி, அதிகாரி எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். பணம் போதவில்லை என்று நினைத்தாரா, ஊரில் பிடிப்பில்லை என்று நினைத்தாரா, அழைப்புக் கடிதத்தில் தேதி முரண்பட்டதா என்று அதில் தெரியும். அந்தக் குறையைச் சரிசெய்த காகிதம் கையில் வந்த பிறகு மறுபடி விண்ணப்பியுங்கள்.